ஸ்கேலில் ஒட்டிக்கொண்ட ரப்பர்

பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கும்போது மகளின் பழைய காம்பஸ் பாக்ஸைக் காலி செய்து துடைத்துக்கொண்டிருந்தேன். விடுமுறை முழுக்க அது அலமாரியின் மேல்தட்டில் கிடந்தது. கடலூரின் கத்திரி வெயிலில் அந்தத் தட்டில் கை வைக்க முடியாது. பெட்டிக்குள் வெள்ளை ரப்பர் ஒன்று பிளாஸ்டிக் ஸ்கேலோடு ஒட்டிப் போயிருந்தது. பிய்த்து எடுத்தேன். ஸ்கேலில் ரப்பரின் அளவுக்கே ஒரு பள்ளம். ஸ்கேலில் இருந்த 3, 4, 5 எண்கள் ரப்பரின் அடியில் ஏறியிருந்தன. தொட்ட விரலில் எண்ணெய் பிசுக்கு.

நானும் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் இதைப் பார்த்திருக்கிறேன். ஏன் என்று அன்று கேட்கவில்லை. இந்த முறை கேட்டேன். ஏனென்றால் இவள் ரப்பரைக் கடிப்பவள். கணக்கு வராதபோது அது நேராக வாய்க்குப் போகும்.

நாம் ரப்பர் என்று சொல்லும் அந்த வெள்ளைக் கட்டிகளில் நிறைய, ரப்பரே இல்லை. அவை பி.வி.சி. வீட்டுச் சுவரோரம் போகும் தண்ணீர்க் குழாயும் பி.வி.சி.தான். அந்தக் குழாய் எவ்வளவு விறைப்பாக இருக்கிறது! அதே பொருள் அழிப்பானில் இவ்வளவு மெத்தென்று இருப்பதற்குக் காரணம், அதில் கலக்கும் எண்ணெய் போன்ற திரவம். நெகிழ்வூட்டி என்பார்கள். பல காலமாக இந்த வேலைக்கு அதிகம் பயன்பட்டுவந்தவை தாலேட் என்ற வகை ரசாயனங்கள். இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்தத் திரவம் பிளாஸ்டிக்கோடு வேதியியல் முறையில் பிணைந்துவிடுவதில்லை. துணியில் ஊறிய எண்ணெய் மாதிரி, இடையிடையே தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். சூடு பட்டால், இன்னொரு பிளாஸ்டிக் பக்கத்தில் இருந்தால், மெல்ல வெளியே வரும். ஸ்கேலுக்குள் புகுந்து அதை இளக்கியது அந்த எண்ணெய்தான். அழிப்பானுக்குக் காகித உறை போட்டு விற்பதே இந்தக் கசிவு மற்ற பொருளில் படாமல் இருக்கத்தான். நம் பிள்ளைகள் முதலில் கிழித்துப் போடுவதும் அந்த உறையைத்தான்.

ஸ்கேலுக்குள் போன எண்ணெய் எச்சிலுக்குள்ளும் போகும். தாலேட் வகைகளில் டி.இ.எச்.பி. போன்ற சில, உடலின் ஹார்மோன்களைக் குழப்பி இனப்பெருக்க உறுப்புகளின் வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியவை. ஐரோப்பிய ஒன்றியம் 1999-ல் இவை கலந்த, குழந்தைகள் வாயில் வைக்கும் பொம்மைகளுக்குத் தற்காலிகத் தடை போட்டது. 2005-ல் அதை நிரந்தரச் சட்டமாக்கி, எடையில் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்றது. அமெரிக்காவில் 2008-ல் சட்டம் வந்தது. 2007-ல் டென்மார்க்கின் சுற்றுச்சூழல் துறை பள்ளிப் பை, பென்சில் பவுச், அழிப்பான் எல்லாவற்றையும் கடையில் வாங்கிச் சோதித்தது. சில அழிப்பான்கள் பி.வி.சி.யால் ஆனவை, அவற்றில் தாலேட்டும் இருந்தது. தொட்டு அழிப்பது பெரிய கவலை இல்லை, நாள்தோறும் கடித்துச் சப்பும் பிள்ளைதான் கவலைக்குரியது.

நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வருவதன் வேர் இதுதான். ஒரு பொருள் ‘இயற்கையானதா’, ‘எக்கோவா’ என்று கேட்பதற்கு முன்னால், அது பிள்ளையின் உடம்புக்குள் எந்த வழியாகப் போகும் என்று கேட்க வேண்டும். வாய், மூக்கு, தோல். அக்கறையும் காசும் அந்த வரிசையில் போகட்டும். கடைக்காரர் காட்டும் வரிசை வேறு. அவர் முதலில் பையைக் காட்டுவார், அதில் பொம்மைப் படம் இருக்கும்.

வாய் என்றதும் பென்சிலும் வந்துவிடுகிறது. பென்சிலுக்குள் ஈயம் இருக்கிறது என்ற பயம் இன்னும் சில வீடுகளில் உண்டு. அது பெயரால் வந்த குழப்பம். ஆங்கிலத்தில் பென்சில் முனையை ‘லெட்’ என்கிறார்கள், ஈயத்துக்கும் அதே சொல்தான். உள்ளே இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும் சேர்த்துச் சுட்ட குச்சி. 1790களில் பிரான்சில் கோன்டே என்பவர் கண்டுபிடித்த முறை, இன்றும் அடிப்படை அதுதான். கவனிக்க வேண்டியது உள்ளே இருப்பதை அல்ல, மேல் பூச்சை. ஈயம் இருக்குமானால் அங்கேதான் இருக்கும். பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு நிறங்களுக்கு லெட் குரோமேட் என்ற நிறமி நெடுங்காலம் பயன்பட்டது. இந்தியாவில் வீட்டுக்கும் அலங்காரத்துக்கும் அடிக்கும் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2016-ல் வெளியாகி, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அது சுவருக்கும் கதவுக்கும் அடிக்கும் பெயிண்டுக்கான விதி. பென்சிலைக் கடிக்கும் பிள்ளைக்கு அது நேரடியாகக் காவல் நிற்காது.

ஈய விஷயத்தில் மட்டும் நான் சற்றும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே ஈயத்துக்குக் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயிற்றுக்குள் போன அதே அளவு ஈயத்தில், பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் நான்கைந்து மடங்கு அதிகம் உறிஞ்சிக்கொள்கிறது. பாதிக்கப்படுவது மூளை வளர்ச்சி. அது திரும்பி வராது. அதனால் கடிக்கும் பழக்கம் உள்ள பிள்ளைக்கு, பெயர் தெரியாத, உரிந்து உரிந்து வரும் பளபளப் பூச்சுள்ள பென்சிலை நான் வாங்குவதில்லை. பூச்சே இல்லாமல் மரம் தெரியும் பென்சில்கள் இப்போது கிடைக்கின்றன. பழைய செய்தித்தாளைச் சுற்றிச் செய்தவையும் உண்டு. நுனியில் விதை வைத்த பென்சில் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், துளசியோ தக்காளியோ முளைப்பதைப் பார்ப்பது நல்ல அனுபவம்தான். ஆனால் அது பென்சிலின் பாதுகாப்பைப் பற்றி எதுவும் சொல்லாது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கிரையானுக்கும் இதே கேள்விதான். 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு நாளிதழ் புகழ்பெற்ற கிரையான்களைச் சோதிக்கக் கொடுத்தபோது, சிலவற்றில் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) சுவடு இருந்தது. யாரும் அதை வேண்டுமென்று போடவில்லை. மெழுகோடு சேர்த்த டால்க் என்ற கல்மாவு, பூமிக்கடியில் கல்நாருக்குப் பக்கத்தில் கிடைப்பது. அதோடு ஒட்டி வந்துவிட்டது. அதன்பின் நிறுவனங்கள் டால்க்கை விட்டுவிட ஒப்புக்கொண்டன. யாராவது சோதித்துப் பார்த்தால்தான் மாற்றம் வருகிறது.

இனி அட்டைப்பெட்டியில் இருக்கும் எழுத்துகள். ‘நான்-டாக்ஸிக்’ என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம். எந்தத் தரத்தின்படி என்ற எண் பக்கத்தில் இருந்தால்தான் அதற்குப் பொருள். ‘ஈஎன் 71-3’ என்று இருந்தால், ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் எவ்வளவு கசிகின்றன என்று பார்க்கும் ஐரோப்பியத் தரம். ‘ஏஎஸ்டிஎம் டி-4236’ என்ற அமெரிக்கத் தரத்தைப் பலர் ‘விஷமில்லை’ என்று படிக்கிறார்கள், அது சரியல்ல. ஒரு நச்சியல் வல்லுநர் அந்தப் பொருளின் கலவையைப் பார்த்து, நீண்ட நாள் ஆபத்து இருந்தால் எச்சரிக்கை எழுத வைத்திருக்கிறார் என்பதுதான் அதன் பொருள். எனவே அந்த எண்ணோடு கீழே எச்சரிக்கை ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் நாட்டில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அந்த ஆணை 14 வயதுக்குட்பட்டவர்கள் விளையாடும் பொருளுக்கானது. ஐஸ்கிரீம் வடிவத்தில், ஸ்ட்ராபெரி வாசனையோடு வரும் அழிப்பான் விளையாட்டுப் பொருளா, எழுதுபொருளா? பிள்ளைக்கு அது தின்பண்டம். என் பார்வையில் அதை விற்கவே கூடாது.

வாசனை என்றதும் எங்கள் ஊரைச் சொல்லாமல் இருக்க முடியாது. கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் சாலையில் போனவர்களுக்குச் சிப்காட் ரசாயனத் தொழிற்பேட்டையின் காற்று தெரியும். உப்பனாற்றங்கரையில் குடிகாடு, ஈச்சங்காடு பக்கம் வாழ்பவர்கள், இரவில் எந்த நாற்றம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று மூக்காலேயே சொல்வார்கள். 2004-ல் அந்த ஊர்க்காரர்களே பயிற்சி எடுத்துக்கொண்டு, சாதாரண வாளியில் பொருத்திய பையில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். எந்த நாளில் என்ன நாற்றம் என்று குறித்தும் வைத்தார்கள். அதற்கு முன் ‘ஏதோ நாத்தம்’ என்று மட்டும் சொல்லப்பட்டது, அதன்பின் ரசாயனப் பெயர்களோடு ஆவணமானது. மூக்கை நம்பு, ஆனால் அதோடு நிற்காதே என்று நான் கற்றுக்கொண்டது அவர்களிடமிருந்துதான்.

பள்ளிப் பொருளுக்கும் அதே முறையைச் சொல்வேன். புது ரெயின்கோட்டைப் பிரித்ததும் தலையைச் சுற்றும் நெடி வந்தால், அது கரைப்பான்களோ வேறு ஏதோ காற்றில் கலந்து வருவது. கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆனால் நெடி இல்லை என்பதால் நல்லது என்று முடிவுகட்ட முடியாது. நான் மேலே சொன்ன தாலேட்டுக்கு ஏறக்குறைய வாசனையே கிடையாது. மெத்தென்று, கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் பவுச் என்றால் வாசனை வந்தாலும் வராவிட்டாலும் பி.வி.சி.யாக இருக்கலாம். துணிப் பவுச் போதும், துவைக்கவும் முடியும்.

மூக்கு வழியில் பெரிய ஆபத்து மார்க்கரும் பசையும். பெர்மனென்ட் மார்க்கர் சிலவற்றில் சைலீன், டொலுவீன் வகைக் கரைப்பான்கள் உண்டு. வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு சார்ட் எழுதும் பிள்ளைக்குத் தலைவலி வருவது சும்மா இல்லை. எழுத்தை மறைக்கும் ஒயிட்னரைப் பாட்டிலில் விற்பதை மத்திய அரசு 2012-ல் தடை செய்தது, பிள்ளைகள் அதை முகர்ந்து போதைக்குப் பழகியதால். பேனா வடிவில்தான் இப்போது வருகிறது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு அதுவும் தேவையில்லை, தப்பின் மேல் ஒரு கோடு போட்டால் ஆகாதா? பசைக்குத் தண்ணீரில் கரையும் வெள்ளைப் பசை நல்லது. மைதா பசையும் காய்ச்சலாம், எங்கள் வீட்டில் அதுதான். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: போஸ்டர் ஒட்டுபவர்களும் பைண்டிங் கடைக்காரர்களும் பூச்சி அரிக்காமலிருக்க மைதா பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அது செம்பு உப்பு, விஷம். கடையிலிருந்து கேட்டு வாங்கிவரும் பசையைக் குழந்தை கையில் கொடுக்கக் கூடாது. வீட்டில் காய்ச்சுவதை இரண்டு நாளில் தூக்கிப் போட்டுவிடலாம்.

நாள் முழுக்க வாயில் படும் பொருளோ தண்ணீர் பாட்டில். பட்ஜெட்டில் ஒரே ஒரு பொருளுக்குத்தான் கூடுதல் பணம் என்றால் இதற்குக் கொடுங்கள். பிளாஸ்டிக் என்றால் அடியைத் திருப்பி முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 5 என்றால் பாலிபுரொப்பிலீன், இருப்பதில் சூட்டைத் தாங்குவது. 3 என்றால் பி.வி.சி., வேண்டாம். 7 என்பது ‘மற்றவை’, அதில் பாலிகார்பனேட்டும் அடக்கம். அதில் பிஸ்பீனால்-ஏ இருக்கும், அதுவும் ஹார்மோன்களைக் குழப்பக்கூடிய ரசாயனம். பால்குடிக் குழந்தைகளின் புட்டிக்கு அதை இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2015-ல் விலக்கிவிட்டது, ஆறு வயதுப் பிள்ளைக்கு மட்டும் எதற்கு? 1 என்றால் கடையில் தண்ணீர் விற்கும் பாட்டில். அதை மாதக்கணக்கில் நிரப்பி நிரப்பி வெயிலில் சுமக்கக் கூடாது. சில்வர் பாட்டில்தான் சிறந்தது. அதிலும் உள்ளே பூச்சு இல்லாததாக, ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாகப் பாருங்கள். காந்தம் ஒட்டவில்லை என்றால் ஒசத்தி ரகம் என்று கடையில் சொல்வார்கள். 304 ரகமும் ஒட்டாது, மலிவான 202 ரகமும் பெரும்பாலும் ஒட்டாது. காந்தத்தால் பிரித்தறிய முடியாது. செம்பு பாட்டிலில் வெறும் தண்ணீர் மட்டும்தான், எலுமிச்சைச் சாறோ மோரோ ஊற்றக் கூடாது.

பிள்ளையைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறேன். செய்பவர்களையும் நினைக்க வேண்டும். சிலேட்டும் பலப்பமும்தான் இயற்கை என்று ஆசையாகச் சொல்கிறோம். எனக்கும் சிலேட்டு பிடிக்கும், ஆந்திராவின் மார்க்காபுரத்துக் கல் சிலேட்டில்தான் எங்கள் தலைமுறை எழுதியது. ஆனால் மத்தியப் பிரதேசத்தின் மண்ட்சௌரில் சிலேட்டுப் பென்சில் அறுத்த தொழிலாளர்கள் அந்தக் கல்தூசியைச் சுவாசித்து, சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோயால் இளவயதிலேயே இறந்தார்கள். மருத்துவ ஆய்வுகளில் பதிவான உண்மை அது. பிள்ளையின் கையில் இயற்கையாக இருந்த பொருள் அதை அறுத்தவரின் நெஞ்சில் அப்படி இல்லை. (பலப்பத்தை ஆசை ஆசையாகத் தின்னும் பிள்ளை இருந்தால் அடிக்க வேண்டாம், ரத்தசோகை இருக்கிறதா என்று டாக்டரிடம் பாருங்கள். இரும்புச்சத்துக் குறைவில் மண்ணும் சாக்பீஸும் தின்னத் தோன்றும்.)

காகிதத்தில் நமக்கு நல்ல வழி இருக்கிறது. 1979-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய காகித ஆலை, கரூர் மாவட்டத்தில், கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறது. நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வண்டிகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு, சாறு பிழிந்த சக்கையில் பிள்ளைகள் எழுதுகிறார்கள் என்பது சந்தோஷம். புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைமுறைக் காகிதப் பட்டறை 1959-லிருந்து பருத்தித் துணிக் கழிவிலிருந்து காகிதம் செய்கிறது. அன்றாட வீட்டுப்பாட நோட்டுக்கு அது கட்டுப்படியாகாது, ஓவியத்துக்கும் வாழ்த்து அட்டைக்கும் அருமையானது. ஆனால் இந்த இரண்டையும்விட நல்ல காகிதம் போன வருட நோட்டுகளில் எழுதாமல் மிஞ்சிய பக்கங்கள். பிரித்து அடுக்கி பைண்டிங் கடையில் கொடுத்தேன். ஒரு ரஃப் நோட்டுக்கு மேலேயே வந்தது.

நோட்டு உறை விஷயத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. மகள் படித்த முந்தைய பள்ளியில், எல்லா நோட்டுக்கும் லேமினேட் செய்த பிரவுன் ஷீட், அதன் மேல் இன்னொரு கண்ணாடிக் கவர் என்று கட்டாயம். சாதாரண பிரவுன் ஷீட் போட்டு அனுப்பியதற்கு டைரியில் குறிப்பு எழுதி வந்தது. காகிதத்தோடு பிளாஸ்டிக் ஒட்டிவிட்டால் பழைய பேப்பர் கடைக்காரர்கூட எடுக்க மாட்டார். ஐப்பசி மழையில் நோட்டு நனையும் என்றார்கள். நனைவது உண்மைதான், தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் பார்த்த ஊர் இது. அதற்குப் பைக்கு ஒரு மழை உறை போதும். பத்து நோட்டுக்கு இருபது பிளாஸ்டிக் எதற்கு?

அதே மாதிரி தெர்மாகோல். ‘புராஜெக்ட்’ என்றாலே தெர்மாகோல், அதன் மேல் ஜிகினா. தெர்மாகோல் என்பது பாலிஸ்டைரீன், சூடான கம்பியால் அறுத்தால் ஸ்டைரீன் ஆவி வரும். ஒருநாள் பார்வைக்கு வைத்துவிட்டு மூலையில் போடுகிறார்கள். அப்புறம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் மணலோடு மணலாக அதன் குருணை. ஜிகினாவும் பொடிப் பிளாஸ்டிக்தான். புதுச்சேரிப் பக்கம், புவிசார் குறியீடு பெற்ற வில்லியனூர் சுடுமண் வேலையும் திருக்கனூர் காகிதக்கூழ்ப் பொம்மையும் ஒரு பஸ் தூரத்தில் இருக்கின்றன. பழைய செய்தித்தாளை ஊற வைத்து அரைத்து, மைதா பசை சேர்த்தால் மலையும் எரிமலையும் செய்யலாம். வகுப்பு ஆசிரியர்கள் ஒரு வரி சொன்னால் போதும், அடுத்த நாளே மாறிவிடும்.

பையில் ஒரு விஷயம்தான். உள்பக்கம் வழுவழுவென்று பி.வி.சி. பூச்சு இல்லாத கெட்டித் துணிப் பையாக, தைத்துத் தரக்கூடியதாக வாங்குங்கள். வார் அறுந்தால் செருப்புத் தைப்பவர் தைத்துத் தருவார். மூன்று வருடம் உழைக்கும் சாதாரணப் பை, வருடம் ஒன்று வாங்கும் ‘எக்கோ’ பையைவிட நல்லது.

இதெல்லாம் கடைக்குப் போய் வாங்குபவர்களுக்கு. தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டு, பை, காம்பஸ் பாக்ஸ், கிரையான், கலர் பென்சில் எல்லாம் அரசே தருகிறது. மிகப் பெரிய உதவி அது. அந்தப் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இல்லை, தேர்வு டெண்டரில் நடக்கிறது. அதனால் ‘கிரையானில் ஈயமும் காட்மியமும் எவ்வளவு, அழிப்பானிலும் பையிலும் தாலேட் எவ்வளவு, சோதனை அறிக்கை எங்கே’ என்ற கேள்வி டெண்டரில் இருக்க வேண்டும். அறிக்கையைப் பெற்றோர் பார்க்கும்படி வைக்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் அதிகம், அங்கே இதை எழுப்பலாம். ஒரே ஒரு டெண்டர் விதி மாறினால், தனித்தனியாகக் கடையில் நாம் கேட்டு மாற்றுவதைவிடப் பல லட்சம் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும்.

கடையில் கேட்பதையும் விட வேண்டாம். திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டில் வழக்கமாக வாங்கும் கடையில், “அண்ணே, பி.வி.சி. இல்லாத ரப்பர் இருக்கா?” என்று கேட்டேன். அவர் அப்படி ஒருவரும் கேட்டதில்லை என்றார். பெட்டிகளை இறக்கி, இருவரும் சேர்ந்து பொடி எழுத்துகளைப் படித்தோம். இரண்டு பெட்டியில் ‘பி.வி.சி. ஃப்ரீ’ என்று இருந்தது. ஒன்று வெளுத்த பழுப்பு நிறம், வாசனையில்லை, விலை இரண்டு ரூபாய் அதிகம். “அடுத்த சரக்குல இதையே சேத்துப் போடச் சொல்றேம்மா” என்றார்.

மகளிடம் ஸ்கேலையும் பழைய ரப்பரையும் காட்டி நடந்ததைச் சொன்னேன். பள்ளத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். “நான் கடிச்சா என் நாக்குலயும் இப்படிப் போவுமாம்மா?” என்று கேட்டாள். புது ரப்பரின் காகித உறையை அவள் இன்னும் கிழிக்கவில்லை.